சிரிக்கிற ஷாட்

மூக்கில் வைக்கிற பஞ்சு உள்ளே போய்விட்டால் தும்மல் வரும். வெளியே நின்றால் கேமராவில் முயல் பல் மாதிரித் தெரியும். பிளஸ்ஸி இரண்டு தடவை வைத்துப் பார்த்து, இரண்டு தடவையும் சரிப்படாமல் எடுத்துவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்லர் நடத்துகிற பெண் அவள். கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்துதான் பழக்கம். சினிமாக் கம்பெனி கூப்பிட்டதும் கடையைப் பூட்டிவிட்டுப் பெட்டியும் கையுமாக வந்துவிட்டாள். பிணத்துக்கு மேக்கப் போடுவது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

"இங்க கொண்டா" என்று நாச்சியார் பஞ்சை வாங்கி, இரண்டு விரலுக்கு நடுவில் ஒரே உருட்டு உருட்டி, தன் மூக்கில் தானே வைத்துக்கொண்டாள். "நாடிக்கட்ட இறுக்காத தாயி, காது வலிக்கும். கால் பெருவிரலக் கட்ட விடமாட்டேன், அத மொதல்லயே சொல்லிட்டேன். துணியச் சும்மா சுத்தி மட்டும் வையி."

"ஏன் ஆன்ட்டி?"

"கட்டிட்டு அவுக்க மறந்துட்டீகன்னா நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல?"

பிளஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாச்சியார் சிரிக்கவில்லை. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சினிமாவில் செத்துச் செத்தே பிழைத்தவள் அவள். நாடக மேடையில் ராணி வேஷம் கட்டி நின்றவளுக்குச் சினிமா கொடுத்தது அம்மா வேஷம். கதாநாயகனுக்கு அம்மா, வில்லனுக்கு அம்மா, போலீஸ் அடித்துக் கொன்றவனுக்கு அம்மா. ஒன்று அழ வேண்டும், இல்லையென்றால் சாக வேண்டும். அரிவாள் வெட்டில், கேன்சரில், தீயில், பஸ் மோதி, மருமகள் கலந்து கொடுத்த விஷத்தில் என்று அவள் சாகாத சாவு கிடையாது. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர், "யக்கா, வாரப் படத்துலயாச்சும் உசுரோட இருக்கியா?" என்று கேட்டுத்தான் கிளாஸை நீட்டுவார். "இடைவேள வரைக்கும் இருப்பேம்ப்பா" என்பாள்.

ஆனால் அவளால் ஒரு ஷாட் கெட்டது என்று இதுவரை எவனும் சொன்னதில்லை. செத்துக் கிடப்பது அழுவதைவிடக் கஷ்டம். மூச்சை நெஞ்சில் விட்டால் மாலை ஏறி இறங்கும். அடிவயிற்றில் விட வேண்டும், அதுவும் அரை அரையாக. ஈ உட்கார்ந்தால் உட்காரட்டும் என்று விட்டுவிட வேண்டும். கண்தான் பெரிய தொல்லை. மூடின இமைக்குள்ளே கருவிழி உருண்டால் வெளியே தெரிந்துவிடும். அதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. சின்ன வயதில் வேலை பார்த்த ஜின்னிங் பேக்டரியின் சத்தத்தை மனசுக்குள் ஓடவிடுவாள். உருளை சுற்ற, கொட்டை ஒரு பக்கம் விழ, பஞ்சு ஒரு பக்கம் பறக்கும். அந்த இரைச்சலில் வேறு எந்த நினைப்பும் கிட்டே வராது. கருவிழி அப்படியே நின்றுவிடும்.

பெருவிரலுக்கு அடுத்து அவள் போடுகிற நிபந்தனை இன்னொன்று உண்டு. பிணமாக நடித்து முடித்ததும் கேமராவை அணைக்கக் கூடாது. பிணம் கண்ணைத் திறந்து, எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் எடுக்க வேண்டும். படத்தில் அது வராது. ஆனாலும் எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் செத்துக் கிடந்ததே கடைசியாக நின்றுபோகும், சாவு வந்து ஒட்டிக்கொள்ளும் என்று சினிமாவில் பெரிய நடிகர்களே பயப்படுவார்கள். சிரிக்கிற ஷாட் ஓகே ஆனால்தான் நாச்சியார் பெஞ்சை விட்டுக் காலைக் கீழே வைப்பாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பூட்டிக் கிடந்த ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். கூடத்தில் பெஞ்சு போட்டு, தலைமாட்டில் நிறைநாழி நெல்லும் விளக்கும் வைத்து, அவளைப் படுக்க வைத்தார்கள். டைரக்டர் ஹரிகிருஷ்ணனுக்கு இது முதல் படம். தாடி வைத்த ஒல்லியான ஆள், மரியாதையாகப் பேசுவார். படம் தொடங்கும்போதே அம்மா செத்திருப்பாள். வெளிநாட்டிலிருந்து மகன் வந்து சேருகிற வரைக்கும் வீட்டில் நடக்கிறதுதான் கதை. அதனால் அவளுக்கு வசனம் ஒன்றும் கிடையாது. "உங்களச் சுத்தித்தான் மொத்தப் படமும்மா" என்று அவர் சொன்னபோது, "அதுக்கென்ன சார், படுத்துட்டாப் போச்சு" என்றாள்.

சுற்றி உட்கார்ந்து அழுவதற்கு ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்திறங்கியிருந்தார்கள். கூட்டம் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்டு ராபர்ட் கூட்டி வந்த ஆட்கள். ராபர்ட் ஒரு காலத்தில் ஊர் ஊராக மைக் செட் கொண்டுபோனவர். நாடகத்துக்கும் போவார், சர்ச் கன்வென்ஷனுக்கும் போவார். மைக் செட்டுத் தொழில் படுத்த பிறகு சினிமாக்காரர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது, மாடு பிடித்துக் கொடுப்பது, ஆள் பிடித்துக் கொடுப்பது என்று ஆகிவிட்டார். "எல்லாம் ராஜபாளையத்துக் கிட்டங்கியில, பஞ்சுக் குடோன்ல, கழிவுப் பஞ்சு பெறக்குற பொம்பளைய சார். நல்லா உக்காருவாக" என்று டைரக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தது, கண்ணை மூடிப் படுத்திருந்த நாச்சியார் காதில் விழுந்தது.

முதல் டேக்கில் பெண்கள் கேமராவைப் பார்த்துக்கொண்டே அழுதார்கள். ஒருத்தி சேலையைச் சரிசெய்துகொண்டு அழுதாள். டைரக்டர் கட் சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யாத்தா, நெசமா அழுங்க" என்று ராபர்ட் கெஞ்சினார். "மாமியாக்காரி காதுல கெடக்கத மகளுக்குக் கழத்திக் குடுத்துட்டுச் செத்துப் போனான்னு நெனச்சுக்கோங்க."

"அப்பம் அழுக வராது அண்ணாச்சி, வேற வார்த்ததான் வரும்" என்றாள் ஒருத்தி. கூடமே சிரித்தது. பிணம் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒப்பாரி பாடத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" டைரக்டர் கேட்டார். "சத்தம் இங்கேயே பதிவாகுது. ஒவ்வொரு டேக்லயும் வேற வேற வரி வந்தாலும் பரவாயில்ல, நான் வெட்டிச் சேத்துக்குவேன்."

"எங்க சம்முகத்தாயிக்கா எடுத்துச்சுன்னா கிட்டங்கியே அழும் சார். யக்கா, ஏன் மூலையில ஒளியுத? முன்னால வாக்கா."

சண்முகத்தாய் என்று ராஜபாளையத்தில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். நாச்சியார் ஜின்னிங் சத்தத்தை விடாமல் ஓட்டினாள். யாரோ நடந்து வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார்கள். வெற்றிலை வாடையும் கழிவுப் பஞ்சின் எண்ணெய் வாடையும் வந்தது. கன்னத்தில் ஒரு கை வந்து படிந்தது. இடது கை. மோதிர விரல் இருக்க வேண்டிய இடத்தில் பாதி விரல்தான் இருந்தது.

உருளைக்குள் அந்த விரல் போன அன்றைக்குப் பக்கத்து மிஷினில் நின்றவள் நாச்சியார். ரத்தம் சொட்டச் சொட்டப் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தவளும் அவள்தான். கன்னத்தில் இருப்பது அக்காவின் கை.

அக்காவுக்கும் தங்கச்சிக்கும் பேச்சு நின்றது ஒரு கேசட்டால்.

ஆத்தாவும் இரண்டு மகள்களும் ஒரே ஜின்னிங்கில் வேலை பார்த்தார்கள். அப்பன் வாசலில் பொதி தூக்கினார். அக்கா பாட்டுக் கட்டுவாள், ஆனால் அவளுக்குக் கரகரத்த தொண்டை. தங்கச்சிக்குச் சொந்தமாக ஒரு வரி கட்ட வராது, தொண்டை வெண்கலம். அக்கா கட்டியதைத் தங்கச்சி பாட, மிஷின் இரைச்சலையும் தாண்டி அது கேட்டுக்கு வெளியே போகும். அப்படிக் கேட்டு வந்து நின்ற ஒரு நாடகக்காரர்தான் நாச்சியாரை ஸ்திரீபார்ட் கட்டக் கூட்டிப்போனார். போகிறவளுக்குச் சண்முகத்தாய்தான் டிரங்குப் பெட்டி வாங்கிக் கொடுத்தாள். "நம்ம வீட்டுல ஒருத்தியாச்சும் பஞ்சு திங்காம இருக்கட்டும்" என்று சொன்னவளும் அவள்தான்.

சண்முகத்தாய்க்கு ஒரே மகன், மாரிச்சாமி. அம்மா வேலை பார்க்கும்போது பஞ்சுப் பொதியில் தூங்கிக் கிடப்பான். தலை முழுக்கப் பஞ்சு ஒட்டி, எழுந்து வரும்போது கிழவன் மாதிரி இருப்பான். நாலு வயதில் ஒருநாள் காய்ச்சலில் வெட்டி வெட்டி இழுத்தது. நாடகம் முடிந்து அன்றைக்குத்தான் ஊருக்கு வந்திருந்த நாச்சியார் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினாள். பின்னால் சண்முகத்தாய் ஓடிவந்தாள். போய்ச் சேருவதற்குள் தோளில் கிடந்தவன் கனத்துவிட்டான். நாச்சியாருக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அந்தக் கனம்தான் அவளுக்குத் தெரிந்த பிள்ளையின் கனம்.

சின்ன உடம்பைக் கூடத்தில் கிடத்தியபோது சண்முகத்தாய் பாடினாள்.

"பஞ்சுப் பொதி மெத்தையில படுத்திருந்த எஞ்சாமி
பச்ச மண்ணு மெத்தையில படுக்கச் சம்மதிச்சியோ…"

அடுத்த பங்குனியில் மகாராஜபுரத்தில் நாடகம். சுடுகாட்டுக் காட்சி. ராணி தன் செத்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பாட வேண்டும். அதற்கென்று நாடகத்தில் பழைய பாட்டு ஒன்று உண்டு. ஆர்மோனியம் சுருதி கொடுத்தது. நாச்சியார் வாயைத் திறந்ததும் வந்தது அந்தப் பாட்டு அல்ல, அக்காவின் ஒப்பாரி. ஒரே ஒரு வார்த்தையைத்தான் மாற்றினாள். ராணி மகன் பஞ்சுப் பொதியில் தூங்க மாட்டான் என்பதால் பட்டு மெத்தை என்று பாடினாள். பெண்கள் மேடை ஏறி வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். திட்டம் போட்டுப் பாடினாளா, தானாக வந்ததா என்று கேட்டால், முதல் தடவை தானாக வந்தது. இரண்டாம் தடவையிலிருந்து தானாக வரவில்லை. கூட்டம் கேட்டது, பாடினாள்.

அன்றைக்கு அதைக் கேசட்டில் பதிந்தவர் ராபர்ட். வத்திராயிருப்பிலிருந்து சங்கரன்கோவில் வரைக்கும் அந்தக் கேசட் போகாத ஊர் இல்லை. டீக்கடையில் ஓடியது, மினிபஸ்ஸில் ஓடியது. சினிமாக்காரர்கள் காதுக்குப் போய், அழுகிற அம்மா வேஷத்துக்கு ஆள் தேடி ராஜபாளையம் வந்ததும் அதனால்தான். சண்முகத்தாய் அதைக் கேட்டது ஒரு காதுகுத்து வீட்டில். பந்தியில் உட்கார்ந்திருந்தவள் தலைக்கு மேல் கட்டியிருந்த மைக் செட் குழாயில் தன் பிள்ளையின் சாவு கேட்டது. கையை உதறிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அடுத்த வாரம் பை நிறையப் பால்கோவாவும் பழமுமாக வந்த தங்கச்சியை வாசலிலேயே நிறுத்தினாள். "எம்பிள்ள மூச்சு அடங்குனத மைக்கு வச்சு வித்துட்ட. இனி நீ செத்தாத்தான் ஒம் மூஞ்சியில முழிப்பேன். போ."

சொன்னதைக் காப்பாற்றினாள். ஆத்தா செத்ததற்குக்கூட ஆள் அனுப்பவில்லை. கருமாதியும் முடிந்த பிறகு, யாரோ ஒரு பால்காரர் சொல்லித்தான் நாச்சியாருக்குத் தெரிந்தது. அவளும் ரோஷக்காரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு பிடித்து உட்கார்ந்தவள் அதற்குப் பிறகு ராஜபாளையம் பக்கம் இறங்கவில்லை. பஸ்ஸில் அந்த ஊரைத் தாண்டும்போது எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வாள்.

"ரோலிங்… ஆக்ஷன்."

கன்னத்தில் இருந்த கை அசையவில்லை. பிறகு அந்தக் கரகரத்த தொண்டை எடுத்தது.

"பட்டு மெத்த கேட்டவளே, பாட்டெடுத்துப் போனவளே,
பலகமேல படுக்க மட்டும் யாரக் கேட்டுச் சம்மதிச்ச…
மேளம் கொட்டி நடந்தவளே, மேடையேறி அழுதவளே,
மெய்யா ஒரு தடவ அழ என் வாசல் வந்தியாட்டி…"

பின்னால் இருந்த பெண்கள் தங்களை அறியாமல் கூடச் சேர்ந்து அழ ஆரம்பித்தார்கள். நாச்சியார் உருளையை வேகமாக ஓட்டிப் பார்த்தாள். இரைச்சல் வரவில்லை. அக்காவின் சத்தம்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தது. இடது கண்ணின் ஓரத்தில் சூடாக ஒன்று கிளம்பி, காதுப் பக்கம் இறங்கியது.

"கட், கட்! அம்மா… கண்ணுல தண்ணி."

"ஏ, பொணம் அழுகுதுப்பா!" யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் டைரக்டர் ஆடிப்போயிருந்தார். "பாட்டெடுத்துப் போனவளே! பாட்டுப் பாடிப் பிள்ளைய வளத்த அம்மா, இல்ல? என்னா வரி! இது போதும், இத வச்சுத்தான் எடுக்கணும்" என்று உதவியாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

லைட்டை மாற்றப் பத்து நிமிஷம் இடைவெளி விட்டார்கள். நாச்சியார் எழுந்து உட்கார்ந்தாள். மூக்கில் பஞ்சும் நாடிக்கட்டுமாகத் திரும்பிப் பார்த்தாள். அக்காவின் தலை முழுக்க நரைத்திருந்தது. பஞ்சு ஒட்டியிருக்கிறதோ என்றுதான் முதலில் நினைத்தாள்.

"யக்கா" என்றாள். கட்டியிருந்த வாயில் சத்தம் பாதிதான் வந்தது.

சண்முகத்தாய் அவள் பக்கம் திரும்பவே இல்லை. பஞ்சு டப்பாவை வைத்துக்கொண்டு நின்ற பிளஸ்ஸியைப் பார்த்தாள். "ஏம்மா, அந்தப் பொணத்தப் பேசாமப் படுக்கச் சொல்லு. உசுரோட இருக்கவகிட்ட எனக்குப் பேச்சுக் கெடையாது." சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

பிளஸ்ஸி ஒன்றும் புரியாமல் சிரித்தாள். நாச்சியார் ராபர்ட்டைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இது உம்ம வேலையா?"

"கர்த்தர்மேல சத்தியமா நான் கூப்பிடல நாச்சியாரு. வேன்ல ஆள ஏத்திக்கிட்டு இருந்தேன். அவ வந்து, யாரு பொணம்னு கேட்டா. ஒம் பேரச் சொன்னேன். மறுபேச்சுப் பேசாம ஏறி உக்காந்துட்டா. நான் என்ன செய்ய, எறங்குன்னா சொல்ல முடியும்?"

நாச்சியார் மறுபடி படுத்தாள். செத்தால் முழிப்பேன் என்றவள், பிணம் யாரென்று தெரிந்தே வந்திருக்கிறாள்.

அடுத்த டேக்கில் சண்முகத்தாய் முன்பு பாடியதை விட்டுவிட்டு வேறு பிடித்தாள். ஆத்தா படுக்கையில் கிடந்ததைப் பாடினாள். வாய் கோணி, கை விளங்காமல் கிடந்த ஆத்தா கஞ்சி வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொள்வாளாம். சின்னவள் பேரைச் சொல்லி, அவள் கொடுத்தனுப்பியது என்று பொய் சொன்னால்தான் ஒரு வாய் வாங்குவாளாம். நாச்சியாருக்கு அது தெரியாது. ஆத்தாவுக்கு வாய் கோணியதே தெரியாது. சுற்றி லைட்டும் கேமராவுமாக, பெஞ்சில் பிணமாகக் கிடந்து தன் வீட்டுச் சேதியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு முடியப் போகிறது என்று தெரிந்தது. முடிந்தால் ஓகே சொல்லிவிடுவார்கள். பெண்கள் வேனில் ஏறிவிடுவார்கள்.

அவள் கண்ணைச் சிமிட்டினாள்.

"கட். அம்மா, இமை ஆடிருச்சு. பரவாயில்ல, இன்னொண்ணு போலாம்."

அடுத்ததில் ஆத்தா போனது வந்தது. விடியற்காலையில் மில்லுக்குப் போகிற பெண்கள் வீட்டு வழியே போய்க்கொண்டிருந்த நேரத்தில், மில் சங்கு ஊதி அடங்கியபோது மூச்சும் அடங்கியதாம். வாசலில் நின்ற வேம்பை வெட்டித்தான் எரித்தார்களாம். ஆள் அனுப்பாதது அக்கா நெஞ்சில் முள்ளாக நிற்கிறதாம். நாச்சியார் மூச்சை நெஞ்சுக்கு ஏற்றினாள். மாலை ஏறி இறங்கியது.

"கட்!"

டைரக்டர் இந்தத் தடவை பக்கத்தில் வந்து குனிந்தார். "அம்மா, உடம்புக்கு ஏதும் முடியலயா? சொன்னா நாளைக்கு வச்சுக்கலாம்."

"ஒண்ணுமில்ல சார். வயசாயிருச்சு."

உதவி டைரக்டர் ஒருவன், "இந்தம்மா ஒரே டேக்குன்னு சொல்லித்தானே புடிச்சோம்" என்று முனகியது கேட்டது. இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பேர் ஒரு மத்தியானத்தில் போய்க்கொண்டிருந்தது. போகட்டும் என்று கிடந்தாள்.

சண்முகத்தாய் எழுந்து சேலையை உதறினாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ராபர்ட்டிடம் சொன்னாள். "அண்ணாச்சி, அந்தப் பொணத்துக்குச் சொல்லும். நானும் இதே மாதிரி பொய்த் தூக்கம் தூங்குனவதான். வேணும்னே ஆடுதுன்னு எனக்குத் தெரியாதா? இன்னொரு வாட்டி ஆடுச்சுன்னா நான் வேன்ல ஏறிருவேன். என்னால அம்புட்டுத்தான் முடியும்."

இன்னும் ஒரு டேக்தான் பாக்கி. நாச்சியார் கைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டாள். மூக்குப் பஞ்சைச் சரிசெய்தாள். கண்ணை மூடினாள். ஜின்னிங் சத்தத்தைத் தேடவில்லை. எதையும் தேடாமல் கிடந்தாள்.

பாதி விரல் கை வந்து, இந்தத் தடவை நெற்றியில் படிந்தது. பாட்டு மெதுவாக, பேசுகிற மாதிரி வந்தது.

"பஞ்சுப் பொதி மெத்தையில படுத்திருந்த எஞ்சாமி,
பச்ச மண்ணு மெத்தையில படுக்கச் சம்மதிச்சியோ…
தோளுமேல தூக்கிக்கிட்டு ஓடுனவளே எங்கூட,
தொண்டக்குள்ள வச்சுக்கிட்டு ஊரூராப் போனியோ…
எறக்கிவச்சா செத்துருவான், எறக்காம நின்னியோ,
எம்புள்ளயச் சுமந்தவளே, இன்னும் கனக்குதாட்டி…"

சுற்றி இருந்தவர்கள் யாரும் கூட அழவில்லை. சண்முகத்தாய் மட்டும்தான். லைட்டின் சூடு, விளக்கு எண்ணெய் வாடை, வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போகிற சத்தம். நாச்சியாரின் இடது தோள் கனத்தது. அங்கே யாரும் கை வைத்திருக்கவில்லை. ஒரு இமை ஆடவில்லை. மாலையில் ஒரு பூ அசையவில்லை. உள்ளே என்ன நடந்ததோ அது முழுக்க உள்ளேயே நடந்தது. அவள் செய்த வேலையிலேயே சுத்தமான வேலை அதுதான்.

"ஓகே" என்றார் டைரக்டர். யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

நெற்றியில் இருந்த கை எடுபட்டது. பெண்கள் பேசிக்கொண்டே எழுந்து, சாப்பாட்டுப் பொட்டலம் வாங்க வாசலுக்குப் போனார்கள். அந்தக் கூட்டத்தோடு அவளும் போனாள். வேன் இன்ஜினைப் போடுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, சிரிக்கிற ஷாட் எடுத்துரலாம். கேமரா ஓடுது."

நாச்சியார் கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்கார்ந்தாள். கேமராவைப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. எந்தச் சாவுக்குப் பிறகும் பல்லைக் காட்டுவது அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. இன்றைக்கு உதடு பிரிந்தால் வேறு ஏதோ வந்துவிடும் போலிருந்தது.

வெளியே ஆரன் அடித்தார்கள். ராபர்ட் மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"நாச்சியாரு, சீக்கிரம் சிரிச்சு முடி தாயி. ஒங்கக்கா வேன்ல ஏற மாட்டேங்கா. ஒரு காலப் படியில வச்சுக்கிட்டு நிக்கா. சிரிச்சுட்டாளா, சிரிச்சுட்டாளான்னு என் உசுர எடுக்கா. சிரிக்காம விட்டா வெனையா முடிஞ்சிரும்னு வேன்ல வாரப்ப எவளோ சொல்லியிருக்கா. டிரைவர் வேற கத்துதான்."

நாச்சியார் அவரையே பார்த்தாள். "பொணம் சிரிச்சிருச்சான்னா கேட்டா?"

"பொணம்னு சொல்லல. சிரிச்சுட்டாளான்னுதான் கேட்டா."

"வர மாட்டேங்கு அண்ணே" என்றாள் நாச்சியார். "அவளுக்குச் சிரிப்பு வர மாட்டேங்குன்னு போய்ச் சொல்லும்."

சொல்லிவிட்டு மறுபடி பெஞ்சில் மல்லாந்து படுத்தாள். மாலையை நெஞ்சில் இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

"அம்மா, என்ன இது? வெளிச்சம் போயிட்டே இருக்கு" என்றார் டைரக்டர்.

"செத்த நேரம் பொறுங்க சார்" என்றார் ராபர்ட், வாசலைப் பார்த்து நடந்துகொண்டே. "கேமரா ஓடட்டும்."

வேன் இன்ஜின் நின்றது. வாசலில் யாரோ யாரையோ திட்டினார்கள். பிறகு ரப்பர் செருப்பின் சத்தம் நடையைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்தது. வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. வேலைக்குப் போகிற நடை. தலைமாட்டில் வந்து நின்றது.

வெற்றிலை வாடை குனிந்து வந்தது. பாதி விரல் மூக்கில் பட்டது. இடது பக்கத்துப் பஞ்சை உருவியது, பிறகு வலது பக்கத்துப் பஞ்சை. ஒரேயடியாக உள்ளே போன காற்றில் நாச்சியாருக்கு மூச்சு முட்டியது. கண்ணைத் திறந்தாள்.

சண்முகத்தாய் அவளைப் பார்க்கவில்லை. கையில் இருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டங்கியில் செய்கிற பழக்கத்தில், இரண்டு கை விரல்களுக்கும் நடுவே வைத்து இழுத்தாள். பிரிந்ததை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மறுபடி இழுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் இழை நீண்டுகொண்டே போனது, அறுபடவில்லை. அவள் தாடை வெற்றிலையை மென்றுகொண்டிருந்தது. மெல்வது ஒரு கணம் நின்றது. அவளுக்குப் பின்னால் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரும் கட் சொல்லவில்லை.